ஆஸ்பத்திரி பில்லா? அக்காகிட்ட கேளுங்க

போன மாசம் மெடிக்கல் கார்டு, அதாவது ஆஸ்பத்திரி செலவுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி குடுக்கிற கார்டு, பத்தி நாலு வரிதான் எழுதுனேன், அதுக்கு வந்த கடிதத்தையும் வாட்ஸ்அப்பையும் பாத்தா நம்ம ஆளுங்க பாதி பேரு ஏதோ ஒரு ஆஸ்பத்திரி பில்லோட மல்லுக்கட்டிக்கிட்டுதான் இருக்கீங்க போல. அதனால சமையல், பிள்ளை வளப்பு கேள்வியெல்லாம் அடுத்த மாசம். புதுசா படிக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை, நான் கோலாலம்பூர்ல ஒரு தனியார் ஆஸ்பத்திரியில பில்லிங் கவுண்டருக்கு அந்தப் பக்கம் ரொம்ப வருஷம் உக்காந்திருந்தவ. எந்த ஆஸ்பத்திரின்னு கேக்காதீங்க. நான் வக்கீல் இல்ல, டாக்டரும் இல்ல, ஆனா ஒரு பில்லு எப்படி உருவாகுதுன்னு தெரியும்.

அக்கா, என் வீட்டுக்காரருக்கு பித்தப்பை ஆபரேஷன் ஆச்சு. சேர்றதுக்கு முன்னாடி கவுண்டர்ல 14,000 வெள்ளிக்குள்ள முடிஞ்சிரும்னு சொன்னாங்க. வீட்டுக்குப் போற அன்னிக்கு பில்லு 21,600. எங்களுக்கு கார்டு கிடையாது, தங்கச்சிகிட்ட கைமாத்து வாங்கிக் கட்டிட்டுத்தான் வெளிய வந்தோம். பில்லுல 'மெடிக்கல் சப்ளைஸ்'னு ஒரே வரியில 4,900 போட்டிருக்கு. கட்டின பிறகு கேக்க முடியுமா? கேட்டா டாக்டர் அடுத்த செக்கப்ல முகத்த தூக்கி வச்சிக்குவாரோன்னு இவரு பயப்படறாரு.
*வாசகி, ஆயர் ஈத்தாம், பினாங்கு*

தாராளமா கேக்கலாம் தங்கச்சி. பணத்த கட்டிட்டா வாயக் கட்டிக்கணும்னு எந்தச் சட்டமும் சொல்லல.

மொதல்ல செய்ய வேண்டியது, அந்த ஒரு வரி 4,900-ஐ பிரிச்சுக் குடுங்கன்னு எழுதிக் கேளுங்க. ஐட்டமைஸ்டு பில்லுன்னு கேட்டாலே கவுண்டர்ல புரியும். தனியார் ஆஸ்பத்திரிகளக் கட்டுப்படுத்துற சட்டம் 1998-ல வந்தது, 586-ஆவது சட்டம்னு சொல்வாங்க, 2006-லதான் அமலுக்கு வந்துச்சு. சிகிச்சைக்கு முன்னாடி எவ்வளவு ஆகும்னு உத்தேசமா தெரிஞ்சிக்கிறதும், ஐட்டம் ஐட்டமா பில்லு கேட்டு வாங்குறதும் அதுல உங்களுக்கு இருக்கிற உரிமை. நாம யாருமே கேக்கறதில்ல, அதனால அவங்களும் சுருக்கமான பில்லையே நீட்டிடறாங்க. கேட்டா பத்து பக்கம் பிரிண்ட் ஆகி வரும், நானே அடிச்சுக் குடுத்திருக்கேன்.

அது கைக்கு வந்ததும் ரெண்டு கலர் பேனா எடுத்துக்குங்க. டாக்டர் ஃபீஸ் எல்லாம் ஒரு கலர், மத்தது எல்லாம் இன்னொரு கலர். இத ஏன் சொல்றேன்னா ரெண்டுக்கும் விதி வேற வேற, பெரும்பாலான சண்டை தோத்துப் போறதுக்கு காரணமே மொத்தத் தொகைய மட்டும் பாத்து "ஏன் இவ்வளவு?"ன்னு கத்துறதுதான். சர்ஜனோட ஃபீஸுக்கும் மயக்க ஊசி டாக்டரோட ஃபீஸுக்கும் அரசாங்கம் உச்சவரம்பு வச்சிருக்கு. 2006 விதிமுறையில 13-ஆவது அட்டவணைன்னு ஒன்னு, 2013-ல திருத்துனாங்க, ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் அதிகபட்சம் எவ்வளவு வாங்கலாம்னு வரிசையா இருக்கும். பித்தப்பை ஆபரேஷனும் அதுல உண்டு. உங்க பில்லுல உள்ளத அதோட ஒப்பிட்டுப் பாருங்க, அஞ்சு வெள்ளி கூட இருந்தாலும் அது நேரடியான விதிமீறல், விவாதத்துக்கே எடமில்ல. ஆனா ரூம், ஆபரேஷன் தியேட்டர், மருந்து, கையுறை, பஞ்சு, ஊசி, நர்சிங் சார்ஜ் இதுக்கெல்லாம் அப்படி ஒரு உச்சவரம்பு கிடையாது. கடையில பத்து வெள்ளிக்கு விக்கிறது அங்க முப்பதா இருந்தாலும் அதுக்காக மட்டும் சட்டத்த காட்டி மடக்க முடியாது. இது அநியாயம்னு நானும் நெனைக்கிறேன், பில்லு ஏர்றது பெரும்பாலும் இந்தப் பக்கத்துலதான், டாக்டர் ஃபீஸுல இல்ல.

அப்ப ரெண்டாவது கலர்ல என்ன பாக்கறது? வெலைய விட்டுட்டு எண்ணிக்கையப் பாருங்க. வார்டுல எடுத்துட்டு உபயோகிக்காம பார்மசிக்கு திருப்பி அனுப்புன மருந்து பில்லுல கழிஞ்சிருக்கான்னு பாருங்க, நான் இருந்தப்ப அதிகமா விட்டுப்போனது இதுதான். டிஸ்சார்ஜ் அன்னிக்கு ரூம் வாடகை முழு நாளா அரை நாளா, அவங்க ரூல் என்ன. டாக்டர் வராத நாள்ல ஒரு 'வார்டு விசிட்' ஒக்காந்திருக்கா. ஒரே ரத்த டெஸ்ட் ஒரே நாள்ல ரெண்டு தடவ வந்திருக்கா, வந்திருந்தா அதுக்கு ரிசல்ட்டும் ரெண்டு இருக்கணும்ல. வீட்டுக்குக் குடுத்த மருந்து லிஸ்ட்ல இருக்கிறதும் கையில இருக்கிறதும் ஒன்னுதானா. பொறுமையா ஒரு சாயங்காலம் உக்காந்தா போதும், உங்க வீட்டுக்காரரையும் பக்கத்துல வச்சிக்குங்க, எந்த டாக்டர் எப்ப வந்தாருன்னு படுத்திருந்தவருக்குத்தான் ஞாபகம் இருக்கும்.

14,000 எப்படி 21,600 ஆச்சுங்கறதுக்கு நியாயமான காரணமும் இருக்கலாம், அதையும் சொல்லிடறேன். சின்ன ஓட்டை போட்டுப் பண்ற லேப்ராஸ்கோப்பில ஆரம்பிச்சு உள்ள ஒட்டிக்கிட்டிருந்ததால வயித்த தொறக்க வேண்டி வந்திருக்கலாம், காய்ச்சல் வந்து ரெண்டு ராத்திரி கூடியிருக்கலாம். அதனால கடிதத்துல "எஸ்டிமேட்டுக்கும் பில்லுக்கும் நடுவுல என்ன மாறுச்சு, எந்த நாள்ல மாறுச்சு, அப்ப எங்ககிட்ட யாரு சொன்னாங்க"ன்னு மூணு கேள்வியா கேளுங்க. "ஏமாத்திட்டீங்க"ன்னு எழுதாதீங்க, அப்படி எழுதுனா அது நேரா அவங்க வக்கீல்கிட்ட போயிரும், உங்களுக்கு பதில் வர மாசக்கணக்கா ஆகும்.

கடிதத்த யாருக்கு எழுதறது? ஒவ்வொரு தனியார் ஆஸ்பத்திரியும் நோயாளிகளோட மனக்குறைய கேக்க ஒரு ஏற்பாடு வச்சிருக்கணும்ங்கறதும் அதே சட்டம்தான். பேஷண்ட் ரிலேஷன்ஸ் ஆபீசர்னு இருப்பாங்க, அவங்களுக்கே ஈமெயில் அனுப்பி, இன்ன தேதிக்குள்ள எழுத்துல பதில் வேணும்னு ரெண்டு வாரம் தள்ளி ஒரு தேதி போடுங்க. கவுண்டர் பிள்ளைங்ககிட்ட போய் சண்டை போடறதுல பிரயோஜனம் இல்ல, அவங்களால ஒரு காசு கூட குறைக்க முடியாது, திட்டு வாங்குறது மட்டும்தான் அவங்க வேலை.

பதில் சரியில்லைன்னா சுகாதார அமைச்சுல சிகேஏபிஎஸ்னு ஒரு பிரிவு இருக்கு, தனியார் மருத்துவத்த கண்காணிக்கறது அவங்கதான், மாநில சுகாதார இலாகாவுல அதுக்கு யூகேஏபிஎஸ்னு ஒரு யூனிட்டும் உண்டு. நீங்க பினாங்குல உள்ளவங்க, பினாங்கு யூனிட்டுக்கே எழுதுங்க, பில்லு நகல், நீங்க எழுதுன கடிதம், அவங்க பதில் மூணையும் சேத்து. அட்டவணைக்கு மேல டாக்டர் ஃபீஸ் இருந்தா அத மொதல் வரியிலயே போடுங்க. டாக்டரோட நடத்தை சரியில்ல, தேவையில்லாத சிகிச்சை பண்ணாருன்னு புகார் இருந்தா அது மலேசிய மருத்துவ மன்றத்துக்கு, அதையும் பில்லு பிரச்சினையையும் ஒரே கடிதத்துல போட்டுக் குழப்பாதீங்க. அப்புறம் உங்க ஊர்லயே பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இருக்கு, தமிழ்லயே பேசலாம், கடிதம் எழுதவும் வழி காட்டுவாங்க.

டாக்டர் முகம் பத்தி. அவரு ஃபீஸ் தவிர மத்த பில்லு எவ்வளவுன்னு அவருக்கே தெரியாது, நெறைய டாக்டருங்க கேட்டா ஆச்சரியப்படுவாங்க. செக்கப்புக்குப் போறப்ப நிதானமா அவர்கிட்டயே காட்டி "டாக்டர், இதெல்லாம் யூஸ் பண்ணீங்களா"ன்னு கேட்டுப் பாருங்க. சில நேரம் அவரே போன் போட்டு குறைக்கச் சொல்லுவாரு.

கடைசியில ஆஸ்பத்திரி 'குட்வில்'னு சொல்லி கொஞ்சம் திருப்பிக் குடுக்க முன்வரலாம். தொகை நியாயமா பட்டா வாங்கிக்குங்க, கௌரவம் பாக்காதீங்க. ஆனா அதோட நீட்டுற பேப்பர்ல இனிமே எந்தக் கோரிக்கையும் இல்லன்னு ஒரு வரி இருக்கும், படிச்சுப் பாத்துட்டு கையெழுத்து போடுங்க.

எனக்கு கார்டு இருக்கு, ஆஸ்பத்திரிக்கு இன்சூரன்ஸ் குடுக்கிற உறுதிக் கடிதம், ஜிஎல்லும் வந்துச்சு. நாலாவது நாள் வீட்டுக்குப் போறப்ப இன்சூரன்ஸ் 3,200 வெள்ளி கட்டாதுன்னுட்டாங்க. ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ்காரன கேளுங்கறான், இன்சூரன்ஸ்காரன் ஆஸ்பத்திரி கூட போட்டுட்டான்ங்கறான், ஏஜெண்ட் போனே எடுக்கறதில்ல.
*வாசகர், செந்தூல்*

ஏஜெண்ட் போன் எடுக்காதது மட்டும் எனக்கு புதுசா தெரியல தம்பி.

மொத ஜிஎல் வந்தா எல்லாம் கவர்னு நெனச்சிக்கிறது நம்ம ஜனங்களோட பெரிய நம்பிக்கை. அது சேக்கறதுக்கு ஒரு கேரண்டி மட்டும், கணக்கு முடிவாகறது டிஸ்சார்ஜ் அன்னிக்கு வர்ற ஃபைனல் ஜிஎல்லுலதான், அதுக்காகத்தான் அன்னிக்கு நாலு மணி நேரம் காக்க வைக்கறாங்க. 3,200-ல என்னென்ன இருக்குன்னு இன்சூரன்ஸ் கம்பெனிகிட்ட எழுத்துல கேளுங்க. தெர்மாமீட்டர், அட்மிஷன் கிட், கூட படுத்தவங்க சாப்பாடு மாதிரி சில்லறை ஐட்டம் பாலிசியில வராது, அது உங்க செலவுதான். ரூம் உங்க பிளான விட ஒசந்ததா இருந்தா அந்த வித்தியாசமும், சில பாலிசியில மத்த பில்லுல ஒரு பங்கும் உங்க தலையில விழும். கோ-பேமெண்ட், அதாவது பில்லுல ஒரு பங்க நீங்களே கட்டற பாலிசியான்னும் பாருங்க, 2024 செப்டம்பர்ல இருந்து அப்படி ஒரு சாய்ஸ் குடுக்கணும்னு பேங்க் நெகாரா சொல்லிருக்கு, பிரீமியம் குறையுதேன்னு மாத்திட்டு மறந்தவங்க உண்டு.

இது எதுவும் இல்லாம "சார்ஜ் நியாயமான, வழக்கமான அளவ தாண்டிருச்சு"ங்கறதுதான் காரணம்னா அங்கதான் நீங்க விடக்கூடாது. ரேட் போட்டது ஆஸ்பத்திரி, கார்டு செல்லும்ங்கற பேனல் லிஸ்ட்ல அந்த ஆஸ்பத்திரிய சேத்தது இன்சூரன்ஸ், நடுவுல நீங்க ஏன் கட்டணும்? எந்த ஐட்டம், எவ்வளவுதான் நியாயம்னு நெனைக்கறாங்க, எத வச்சுச் சொல்றாங்கன்னு கேளுங்க. கம்பெனியோட புகார் பிரிவுக்கு எழுதி இறுதி முடிவுன்னு ஒரு கடிதம் வாங்கிக்குங்க. அதுல திருப்தி இல்லைன்னா ஆறு மாசத்துக்குள்ள எஃப்எம்ஓஎஸ்-க்குப் போகலாம், நிதி நிறுவனங்க மேல வர்ற புகார தீர்த்து வைக்கிற அமைப்பு அது. பழைய ஓஎஃப்எஸ் ஆம்புட்ஸ்மேன் இருந்துச்சுல்ல, அதையும் பங்கு முதலீட்டுத் தகராற பாத்த சிட்ரெக்கையும் சேத்து 2025 ஜனவரியில இருந்து இந்தப் பேரு. இன்சூரன்ஸ், தக்காஃபுல்ங்கற இஸ்லாமிய முறை இன்சூரன்ஸ் வழக்குல 250,000 வெள்ளி வரைக்கும் பாப்பாங்க, உங்களுக்கு காசு செலவில்ல, வக்கீலும் வேணாம். அவங்க முடிவ நீங்க ஏத்துக்கிட்டா கம்பெனி அத மீற முடியாது, ஏத்துக்கலன்னா நீங்க கோர்ட்டுக்குப் போற வழி அப்படியேதான் இருக்கும்.

இதே மாதிரி இன்னொருத்தங்க பத்து மலைப் பக்கத்துல இருந்து எழுதியிருக்காங்க, பழைய வியாதிய மறைச்சதா சொல்லி கிளைமே தள்ளிட்டாங்களாம். அம்மா, பாலிசி எடுக்கறப்ப நிரப்புன ஃபார்ம் நகல மொதல்ல வாங்குங்க. அதுல கேட்டதுக்கு நேர்மையா, பொறுப்பா பதில் சொல்றதுதான் உங்க கடமை. முக்கால்வாசி கேஸுல ஏஜெண்டே எல்லாத்துக்கும் 'இல்ல'ன்னு டிக் போட்டுட்டு கையெழுத்து மட்டும் வாங்கியிருப்பாரு. யாரு எழுதுனாங்க, அப்ப என்ன பேசுனீங்க, மெசேஜ் ஏதாவது இருக்கான்னு தேடி வச்சிக்கிட்டு அதோட எஃப்எம்ஓஎஸ் போங்க.

ஆஸ்பத்திரி மேல பயனீட்டாளர் டிரிபியூனல்ல கேஸ் போடலாம், அஞ்சு வெள்ளிதான் ஃபீஸ்னு டிக்டாக்ல ஒருத்தர் சொல்றாரே?
*வாசகர், கிள்ளான் லாமா சாலை, கோலாலம்பூர்*

அஞ்சு வெள்ளி உண்மை, 50,000 வெள்ளி வரைக்கும் கேக்கலாம்ங்கறதும் உண்மை, ஆனா ஆஸ்பத்திரிக்கு அது ஆகாது. 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்துலயே மருத்துவ நிபுணர்களும் மருத்துவமனைகளும் குடுக்கிற சுகாதார சேவைக்கு இந்தச் சட்டம் செல்லாதுன்னு விலக்கு இருக்கு. ஃபிரிட்ஜ் ரிப்பேருக்குப் போற எடம், பித்தப்பைக்கு கிடையாது. ஏன் அப்படி விலக்கு குடுத்தாங்கன்னு எனக்கும் கோவம்தான். உங்க வழக்கு 5,000 வெள்ளிக்குள்ளன்னா மாஜிஸ்ட்ரேட் கோர்ட்ல சின்ன தொகை வழக்கா வக்கீல் இல்லாமலே போடலாம்.

நெஞ்சு வலின்னு அப்பாவ ராத்திரி பக்கத்துல இருந்த தனியார் ஆஸ்பத்திரிக்கு கொண்டு போனோம், டெபாசிட் கட்டுனாத்தான் பாப்போம்னாங்க. இது சரியா?
*வாசகி, பிறை*

உயிருக்கு ஆபத்துன்னா சரியில்ல. உயிர் காக்கிற அவசர சிகிச்சைய தேவைப்படறவங்க யாரா இருந்தாலும் குடுக்கிற நிலையில எந்நேரமும் இருக்கணும்னு அதே 586-ஆவது சட்டம் தனியார் ஆஸ்பத்திரிக்கும் சொல்லுது. மொதல்ல ஆள நிலைப்படுத்தணும், காசு பேச்சு அப்புறம். தேதி, நேரம், கவுண்டர்ல இருந்தவங்க பேரு எழுதி வச்சு யூகேஏபிஎஸ்-க்கு புகார் குடுங்க.

ஆனா நிலைமை சீரானதும் "அட்மிட் பண்ண டெபாசிட் வேணும்"னு கேக்கறாங்களே, அது வேற விஷயம், அதுக்கு அவங்களுக்கு உரிமை இருக்கு. அந்த நேரத்துலதான் நம்ம ஆளுங்க நகைய அடகு வச்சு கட்டிடறாங்க. கையில வசதி இல்லைன்னா அப்பவே வாயத் தொறந்து "கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கு மாத்தி விடுங்க"ன்னு சொல்லுங்க. டாக்டர் டாக்டரோட பேசி, எடம் இருக்கான்னு பாத்து, ஆம்புலன்ஸ்ல அனுப்பலாம். ஐசியூவுல மூணு நாள் ஓடி டெபாசிட்டெல்லாம் கரைஞ்ச பிறகு மாத்தறதும் மொத நாளே மாத்தறதும் ஒரே சிகிச்சைதான், பில்லுதான் வேற.

எங்க மாமியார் தமிழ்நாட்டுல இருந்து வந்திருக்கப்ப வழுக்கி விழுந்து கை ஒடைஞ்சுருச்சு. பில்லுல 6 சதவீதம் வரி. என் பில்லுல இப்படி வந்ததில்லையே?
*வாசகர், செபராங் ஜெயா*

சரியாத்தான் போட்டிருக்காங்க. 2025 ஜூலை 1-ல இருந்து குடியுரிமை இல்லாதவங்களுக்கு தனியார் மருத்துவ சேவைக்கு 6 சதவீத சேவை வரி. மலேசியக் குடிமக்களுக்கு கிடையாது, உங்க அடையாள அட்டை மைகாட் காட்டியும் உங்க பில்லுல வந்தா அன்னிக்கே எடுக்கச் சொல்லுங்க. அவங்க டிராவல் இன்சூரன்ஸ் எடுத்திருந்தா பில்லு, ரிப்போர்ட் ரெண்டும் ஒரிஜினலா வாங்கி வச்சிக்குங்க.

ஸ்கேன் ரிப்போர்ட்டும் டாக்டர் நோட்ஸும் கேட்டேன், அது ஆஸ்பத்திரி சொத்துன்னு சொல்லிட்டாங்க.
*வாசகி, பிரிக்பீல்ட்ஸ்*

ஃபைல் அவங்க சொத்துதான், ஆனா அதுல உள்ள விவரம் உங்க ஒடம்பப் பத்தினது. மெடிக்கல் ரிப்போர்ட் கேட்டா நியாயமான கட்டணம் வாங்கிட்டுக் குடுக்கணும். அதுக்கு மேலயும் இழுத்தடிச்சா தனிநபர் தரவு பாதுகாப்புச் சட்டம் 2010-ன்னு பேர் போட்டு எழுதிக் கேளுங்க, அதுல 21 நாள்ல பதில் குடுக்கணும். அந்தப் பேர பாத்ததும் ரெக்கார்ட்ஸ் ஆபீஸ்ல கொஞ்சம் சுறுசுறுப்பு வரும். பில்லு தகராறுக்கு இது ரொம்ப முக்கியம், சிகிச்சை பதிவுல இல்லாதது பில்லுல இருந்தா அதுக்கு மேல சாட்சி வேணுமா.

கிளினிக்ல சளி மருந்துக்கு 90 வெள்ளி. வெலைய முன்னாடியே சொல்ல மாட்டாங்களா?
*வாசகர், கெப்போங்*

2025 மே 1-ல இருந்து தனியார் கிளினிக், ஆஸ்பத்திரி, பார்மசி எல்லாம் மருந்து வெலைய காட்டி வைக்கணும். டாக்டருங்க புத்ராஜெயாவுக்குப் போய் எதிர்ப்பு தெரிவிச்சதும் இதுக்குத்தான். காட்டணும்னுதான் விதி, இவ்வளவுதான் விக்கணும்னு இல்ல. லிஸ்ட் எங்கன்னு கேளுங்க, ஆண்டிபயாட்டிக் நெஜமா வேணுமான்னு கேளுங்க, மருந்துச்சீட்டு எழுதிக் குடுங்க வெளிய வாங்கிக்கறேன்னும் கேக்கலாம்.

அம்மா தவறிப்போய் எட்டு மாசமாச்சு. ஆஸ்பத்திரிக்கு இன்னும் 11,000 வெள்ளி பாக்கி. கடன் வசூல்காரன் தினமும் போன் பண்றான், போலீஸ் வரும்ங்கறான், என் ஆபீசுக்கு வருவேன்ங்கறான். ராத்திரி தூக்கம் இல்லக்கா.
*வாசகர், ஜாலான் ஈப்போ*

தம்பி, மொதல்ல அம்மாவுக்காக வருத்தப்படறேன்.

ஆஸ்பத்திரி பாக்கி சிவில் கடன், அதுக்காக போலீஸ் வந்து பிடிச்சிட்டுப் போகாது. அவன் அப்படிச் சொல்றது மிரட்டல், நேரம், நம்பர், என்ன சொன்னான்னு குறிச்சு வைங்க, வீட்டு வாசல்ல வந்து கலாட்டா பண்ணா நீங்கதான் போலீஸ்ல ரிப்போர்ட் குடுக்கணும். அடுத்த போன்ல "எழுத்துல அனுப்புங்க"ன்னு மட்டும் சொல்லிட்டு வச்சிருங்க.

அப்புறம் ஒரு கேள்வி, அட்மிஷன் ஃபார்ம்ல கேரண்டரா கையெழுத்து போட்டது யாரு? நீங்க போட்டிருந்தா கடன் உங்களது. யாருமே போடலைன்னா அது அம்மா விட்டுட்டுப் போன சொத்துல இருந்து வர வேண்டியது, மகன்ங்கறதுக்காக மட்டும் உங்க சம்பளத்துல கை வைக்க முடியாது. அந்த ஃபார்ம் நகல ஆஸ்பத்திரிகிட்ட கேளுங்க, அதப் பாக்காம ஒரு காசும் கட்டாதீங்க, கட்டறேன்னு வாட்ஸ்அப்லயும் ஒத்துக்காதீங்க.

கையெழுத்து உங்களதுன்னா ஐட்டமைஸ்டு பில்லு வாங்கி ஆயர் ஈத்தாம் தங்கச்சிக்கு சொன்ன மாதிரி அலசுங்க, அம்மாவோட கடைசி நாள்ல வராத விசிட்டும் உபயோகிக்காத மருந்தும் இருக்க நெறைய வாய்ப்பு உண்டு. மிச்சத்துக்கு வசூல்காரன விட்டுட்டு ஆஸ்பத்திரியில பாக்கிய கவனிக்கிற கிரெடிட் கண்ட்ரோலுக்கே நேரா எழுதி, மாசம் 200-ஓ 300-ஓ உங்களால முடிஞ்சத சொல்லுங்க, கடன் வசூல்காரனுக்கு கமிஷன் போறத விட அவங்களுக்கு அது லாபம்தான். ஒத்துக்கிட்டா எழுத்துல வாங்குங்க. கோர்ட் சம்மன் மட்டும் வந்துச்சுன்னா குப்பையில போட்டுறாதீங்க, அதுல போட்டிருக்கிற கெடுவுக்குள்ள கோர்ட்டுக்கு பதில் குடுங்க, குடுக்கலைன்னா உங்க பக்கம் கேக்காமலே தீர்ப்பு எழுதிருவாங்க. சட்ட உதவி இலாகாவுல வருமானம் கம்மியா உள்ளவங்களுக்கு உதவி உண்டு, சம்பள சிலிப்போட போய்ப் பாருங்க.

ஃபார்ம் நகல் கைக்கு வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்க தம்பி.